சீருடையும் வாக்குச்சீட்டும்: 1957 தேர்தலும் இமானுவேல் சேகரன் என்னும் முன்னாள் படைவீரரும்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் முன்னாள் படைவீரர்களைத் தேடிக் கட்சிகள் வருவது இந்திய அரசியலில் வழக்கமாகிவிட்டது. அவர்களின் சங்கங்கள் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றுகின்றன. பதக்கம் அணிந்தவர்கள் மேடையில் வேட்பாளருக்கு அருகில் அமர்த்தப்படுகிறார்கள். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கை 2015இல் அரசின் அறிவிப்பாக மாறியதில், படைவீரர் குடும்பங்களின் வாக்குகள் குறித்த கணக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் படையிலிருந்து திரும்பிய ஒரு தலித், தன் ஊரில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாக நிற்கும்போது நடப்பது வேறு. அவருடைய சீருடைக்கு மேடையில் கிடைக்கும் மதிப்பு தெருவில் கிடைப்பதில்லை. பரப்புரை முடிந்து கொடிகள் இறக்கப்பட்ட பிறகு அவரும் அவர் தெருவும் தனியே நிற்கின்றனர். இந்த உண்மையைத் தமிழகத்தில் எவரையும்விடக் கடுமையாக அனுபவித்தவர் இமானுவேல் சேகரன்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 11ஆம் நாள் பரமக்குடியில் அவருடைய நினைவிடத்தில் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். சாதி ஒழிப்புப் போராளி, தியாகி என்று அவரைப் போற்றுகிறோம். அந்தப் போற்றுதலில் இரண்டு செய்திகள் மங்கிப்போய்விட்டன. அவர் ஒரு முன்னாள் படைவீரர் என்பது முதலாவது. அவருடைய கொலையை ஒரு தேர்தலின் பின்விளைவுகளிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பது இரண்டாவது. அந்தத் தேர்தலின் ஒரு முனை முதுகுளத்தூரில் இருந்தது. மறுமுனை இராஜபாளையம் வட்டாரத்தை உள்ளடக்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. ஆகவே அவருடைய வாழ்க்கையை இந்தக் கோணத்திலிருந்து மீண்டும் சொல்ல விரும்புகிறோம்.

தடைகளின் நிலம்

இமானுவேல் சேகரன் 1924ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், அன்றைய இராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் வட்டாரத்தைச் சேர்ந்த செல்லூரில் பிறந்தார். தந்தை வேதநாயகம் பள்ளி ஆசிரியர், தாய் ஞானசௌந்தரி. குடும்பம் தேவேந்திரர் சமூகத்தைச் சேர்ந்தது, கிறித்தவ நெறியைப் பின்பற்றியது. வானத்தையும் கண்மாயையும் நம்பிய வறண்ட நிலம் அது. மழை பொய்த்தால் ஊரே கடனில் மூழ்கும். கடன் கொடுப்பவரும் வேலை கொடுப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. இத்தகைய ஊர்களில் சேரியின் பேச்சும் நடையும் உடையும் நிலவுடைமையாளரின் கண்காணிப்பில் இருந்தன.

அந்தக் கண்காணிப்பு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு அரசு அதிகாரி ஒருவரின் எழுத்தே சான்றாக உள்ளது. 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஜே. எச். ஹட்டன், இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த தடைகளைப் பட்டியலாகவே பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்களின் உடை முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ செல்லக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் இருக்கக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. இவற்றை மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியமும் உடைமையும் அழிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூனில் பட்டியல் பதினொன்றாக நீண்டது. குழந்தைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும், நிலத்தைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு மிராசுதாரிடம் கூலிக்கு உழைக்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தன.

அப்போது இமானுவேலுக்கு ஆறு வயது. ஆசிரியரின் மகனாகப் பிறந்ததால் படிப்பு அவருக்குக் கிடைத்தது. எழுத்தறிவே குற்றமாக்கப்பட்ட ஒரு மாவட்டத்தில் தலித் ஆசிரியர் ஒருவரின் வீடு என்பது ஏற்கெனவே ஒரு மீறல். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை பொதுவாழ்வுக்குச் சீக்கிரமே வந்தார். 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் பங்கேற்று மூன்று மாதம் சிறையில் இருந்தார் என்பது அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் இடம்பெறும் செய்தி. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

படை திறந்த கதவு

1945இல் இமானுவேல் இராணுவத்தில் சேர்ந்தார். அவில்தார் நிலைக்கு உயர்ந்தார். தனிமனித முடிவாகத் தோன்றும் இச்செயலுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிலும் பம்பாய்ப் படையிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருமளவில் பணியாற்றினர். சென்னைப் பொறியியல் படைப்பிரிவில் பறையர் சமூகத்தினருக்கு நெடிய மரபு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்க்குடிகள் என்ற கொள்கையை ஆங்கிலேயர் கைக்கொண்டபோது, வீரம் சில சாதிகளின் பிறவிக்குணம் என்று சொல்லி இக்கதவை மூடத் தொடங்கினர். மகர்களைச் சேர்ப்பது 1890களில் நிறுத்தப்பட்டது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றிய அவருடைய கல்வியும் ஓய்வூதியமும் இல்லையென்றால் அம்பேத்கரின் தொடக்கக் கல்வியே கேள்விக்குறியாகியிருக்கும். கோபால் பாபா வலங்கர் முதலிய ஓய்வுபெற்ற மகர் படைவீரர்களே மராத்திய மண்ணில் தலித் அரசியலின் முதல் விண்ணப்பங்களை எழுதியவர்கள்.

உலகப் போர் வந்தால் கதவு திறக்கும், போர் முடிந்தால் மூடும். முதல் உலகப் போரின்போது அமைக்கப்பட்ட மகர் படைப்பிரிவு போருக்குப் பின் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் மகர் ரெஜிமெண்ட் உருவானது. 1943இல் அமைக்கப்பட்ட சமார் ரெஜிமெண்ட் 1946இல் கலைக்கப்பட்டது. போர்க்குணமற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த சென்னை மாகாணத்திலிருந்தும் அப்போது ஏராளமானோர் சேர்க்கப்பட்டனர். அந்த அலையின் இறுதியில் படைக்குச் சென்றவர் இமானுவேல்.

படைக்கும் வாக்குரிமைக்கும் அந்நாளில் நேரடித் தொடர்பு இருந்தது. 1952க்கு முன் வாக்குரிமை அனைவருக்கும் உரியதாக இல்லை. வரி, சொத்து, படிப்பு ஆகியவற்றின் அடிப்படையில் மக்களில் சிறு பகுதியினர் மட்டுமே வாக்களித்தனர். ஆனால் 1919, 1935ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ், படையிலிருந்து ஓய்வுபெற்றவருக்கும் விடுவிக்கப்பட்டவருக்கும் அந்தத் தகுதியின் பேரிலேயே வாக்குரிமை கிடைத்தது. ஒரு காணி நிலமும் இல்லாத தலித், வாக்காளர் பட்டியலில் இடம்பெறுவதற்கான அரிய வழிகளுள் ஒன்றாகப் படைப்பணி இருந்தது. முன்னாள் படைவீரரின் ஆதரவு வேட்பாளர்களுக்கு ஏன் மதிப்புடையதாயிற்று என்பதன் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

இதைவிடவும் ஆழமான மாற்றம் உடலில் நிகழ்ந்தது. ஹட்டன் பதிவு செய்த தடைப்பட்டியலை ஒரு படைவீரரின் உடைமைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். சட்டை, முழுக்கால் உடை, கத்தரித்த தலைமுடி, காலணி, உலோகத் தட்டு, எழுதப் படிக்கும் பழக்கம். ஊரில் விலக்கப்பட்டவை அனைத்தும் படையில் கட்டாயமாக்கப்பட்டன. செல்லூரில் தண்டனைக்குரியதாக இருந்த ஒரு தோற்றம் முகாமில் ஒழுங்கின் அடையாளமாக இருந்தது. மாதச் சம்பளம் கண்மாய் நீரையும் மிராசுதாரின் மனநிலையையும் சார்ந்திருக்கவில்லை. படையிலும் சாதி இருந்தது. படைப்பிரிவுகளே சாதி வகையில் பிரிக்கப்பட்டிருந்தன. எனினும், ஓர் ஆணைக்குக் கட்டுப்படும்போதும் தலை நிமிர்ந்து நிற்கலாம் என்பதை அங்கே சென்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதைக் கற்றவர் ஊருக்குத் திரும்பி மறுபடியும் தோளிலிருந்து துண்டை இறக்குவது கடினம்.

ஊர் திரும்பிய அவில்தார்

படைப்பணி முடித்து ஊர் திரும்பிய இமானுவேல், தேவேந்திரர்களிடையே அமைப்புப் பணியைத் தொடங்கினார். மனைவி அமிர்தம் கிரேஸ். குடும்பமும் பொதுப்பணியும் ஒன்றாகவே நடந்தன. தேநீர்க் கடைகளில் நிலவிய இரட்டைக் குவளை முறைக்கு எதிராக அவர் மக்களைத் திரட்டினார். பொதுக்கிணறு, பொதுப்பாதை, கோவில் நுழைவு, கூலி ஆகியவற்றில் நடந்த மீறல்களை மனுக்களாக எழுதி அரசு அலுவலகங்களுக்குக் கொண்டுசென்றார். ஊர் ஊராகச் சென்று இளைஞர்களைச் சேர்த்தார். தாக்கப்படும்போது ஓடிவிடாமல் ஒன்றாக நிற்க அவர்களைப் பழக்கினார்.

அவருடைய முறை இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அரசிடம் செல்வது. 1950ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்திருந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. அதை ஊருக்குக் கொண்டுவர ஆள் வேண்டியிருந்தது. மற்றொன்று, தற்காப்பு. இரண்டையும் இணைக்கும் துணிவும் ஒழுங்கும் படைவாழ்க்கையிலிருந்து வந்தவை என்று கருதுவதில் பிழையில்லை.

அரசியலில் அவர் காங்கிரஸ் பக்கம் நின்றார். இதைத் தலித் அரசியல் நோக்கில் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்த வட்டாரத்தின் அன்றைய அதிகார அமைப்பைப் பார்க்காமல் அவருடைய தேர்வை மதிப்பிட முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் தொகுதி

இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்கெல்லை ஊர்கள். தொடர்ச்சி மலையின் அடிவாரம், நீர்வளம் உள்ள வயல்கள், ஆண்டாள் கோவில், பருத்தி ஆலைகள் என்று முதுகுளத்தூரின் வறட்சிக்கு நேர்மாறான நிலம். இராஜபாளையம் மில்ஸ் 1936இல் தொடங்கப்பட்டது. நிலவுடைமையைச் சாராத கூலி என்பதற்கு அன்று இந்த மாவட்டத்துத் தலித்துகள் அறிந்திருந்த வழிகள் சிலவே: கடல் கடந்து தோட்ட வேலைக்குச் செல்வது, ஆலை, படை.

அரசியலிலும் இவ்வூர்கள் முதன்மை பெற்றிருந்தன. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா இராஜபாளையத்தைச் சேர்ந்தவர். 1952ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் அவர் தோற்றார். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் காமராசர் வென்றார். 1954இல் அவர் முதல்வரானார்.

காமராசரின் எதிர்முனையில் நின்றவர் முத்துராமலிங்கத் தேவர். 1937இல் காங்கிரஸ் வேட்பாளராக இராமநாதபுரம் மன்னரைத் தோற்கடித்துப் பெயர்பெற்றவர் அவர். பின்னர் சுபாஷ் சந்திர போஸின் பார்வர்டு பிளாக்கில் இணைந்தார். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் மறவர், கள்ளர் சமூகத்தினர் அடைந்த இழிவுக்கு எதிராக அவர் போராடியதும், 1947இல் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டதும் மறுக்க முடியாத வரலாறு. ஆனால் அரசின் ஒடுக்குமுறையை எதிர்த்துத் திரண்ட அதே சமூகத்தின் ஊர்களில், சேரியின்மீது நிலவிய கட்டுப்பாடு அப்படியே நீடித்தது. தேவேந்திரர்கள் காங்கிரசை நாடியதற்கு முதன்மைக் காரணம் இதுதான். ஊர் ஆதிக்கத்துக்கு எதிரே நிற்க அவர்களுக்கு அரசு வேண்டியிருந்தது. அரசு காங்கிரசின் கையில் இருந்தது.

இன்னொரு முரணும் கவனிக்கத்தக்கது. அந்த வட்டாரத்தில் இருவகைப் படைவீரர் நினைவுகள் இருந்தன. போஸின் இந்திய தேசிய இராணுவத்தின் புகழ் பார்வர்டு பிளாக்குக்கு அரசியல் மூலதனமாக இருந்தது. அந்தப் படையின் தமிழ் வீரர்களில் பெரும்பகுதியினர் மலேயாவின் இரப்பர் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஏராளம். விடுதலைக்குப் பின் அவ்வீரர்களை இந்திய இராணுவம் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பிய தலித் வீரர்கள் பெயரற்றவர்களாகவே மறைந்தனர். அப்படையின் பெருமை மட்டும் கட்சி மேடைகளில் தங்கியது. மறுபுறம், அரசின் இராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய இமானுவேல் போன்றவர்களுக்குப் போர்ப் பெருமை எதுவும் வழங்கப்படவில்லை. அவர்களிடம் இருந்தது படை தந்த பழக்கம் மட்டுமே.

இரண்டு உறுப்பினர், இரண்டு வாக்கு

1957 பொதுத்தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் ஒரே வேளையில் போட்டியிட்டார், இரண்டிலும் வென்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே பரப்பிலிருந்து ஒரு பொது உறுப்பினரும் ஒரு பட்டியல் சாதி உறுப்பினரும் தேர்ந்தெடுக்கப்படுவர். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். அத்தேர்தலில் பொது இடத்தைத் தேவர் வென்றார். தனி இடத்தைக் காங்கிரசின் ஆர். எஸ். ஆறுமுகம் வென்றார்.

இந்த முடிவை இன்று மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்த ஒரே வாக்காளர் கூட்டம், தேவரையும் அவருடைய எதிரணியைச் சேர்ந்த தலித் வேட்பாளரையும் சேர்த்தே நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. காகிதத்தில் பார்த்தால் அதிகாரப் பகிர்வின் அழகிய மாதிரி. நடைமுறையில், தலித் ஒருவருக்கு இடம் கிடைப்பதும் தலித் வாக்காளருக்குப் பாதுகாப்பு கிடைப்பதும் இருவேறு காரியங்கள் என்பதைச் சில மாதங்களிலேயே முதுகுளத்தூர் காட்டியது. இரட்டை உறுப்பினர் முறை 1961ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிந்தது. அந்த இடைவெளி ஒழியவில்லை.

தேவர் மக்களவை இடத்தை வைத்துக்கொண்டு முதுகுளத்தூர் சட்டமன்ற இடத்தைத் துறந்தார். அவ்விடத்துக்கு 1957 ஜூலையில் இடைத்தேர்தல் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரின் முடிவும் முதுகுளத்தூரின் நெருப்பும் இவ்வாறு ஒரே கயிற்றால் பிணைக்கப்பட்டவை. இடைத்தேர்தலில் தேவேந்திரர்களும் நாடார்களும் பெரும்பாலும் காங்கிரசை ஆதரித்தனர். மறவர்கள் பார்வர்டு பிளாக்கை ஆதரித்தனர். இமானுவேல் தம் மக்களைக் காங்கிரஸ் பக்கம் திரட்டி நின்றார். பார்வர்டு பிளாக்கின் சசிவர்ணத் தேவர் வென்றார்.

வெற்றிபெற்ற அணி அமைதியடைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. எதிரணிக்கு வாக்களித்த சேரிகளோடு மோதல்கள் மூண்டன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஊர் ஊராகப் பதற்றம் பரவியது. ஏனென்றால் அங்கே அளக்கப்பட்டது தொகுதியின் முடிவு மட்டுமல்ல. தன் நிலத்தில் உழைப்பவன் தன் சொல்லுக்கு மாறாக வாக்களித்தான் என்ற செய்தியே ஆதிக்கத்துக்குத் தோல்வியாகத் தெரிந்தது. வாக்குப் பெட்டி இரகசியமானது என்று சட்டம் சொன்னது. ஆனால் சேரி தனியே இருக்கும் நாட்டில், ஒரு தெரு எவருக்கு வாக்களித்தது என்பதை அறிய எவருக்கும் பெட்டியைத் திறக்கத் தேவையிருக்கவில்லை.

செப்டம்பர் 10, செப்டம்பர் 11

1957 செப்டம்பர் 10ஆம் நாள் மாவட்ட ஆட்சியர் சி. வி. ஆர். பணிக்கர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டத்தைக் கூட்டினார். மறவர், நாடார், தேவேந்திரர் தரப்புகளின் பேராளர்கள் அழைக்கப்பட்டனர். தேவர் வந்திருந்தார். தேவேந்திரர் தரப்பில் இமானுவேல் அமர்ந்திருந்தார். நாடாளுமன்ற உறுப்பினரும், மாவட்டம் முழுவதும் செல்வாக்குப் பெற்றவருமான ஒரு தலைவருக்கு எதிரே, எந்தப் பதவியும் இல்லாத முப்பத்திரண்டு வயது முன்னாள் படைவீரர் சமநிலையில் அமர்ந்து தம் மக்களின் முறையீடுகளை முன்வைத்தார். தடைப்பட்டியல் எழுதப்பட்டு இருபத்தேழு ஆண்டுகள் கூட முடியாத மாவட்டம் அது. அந்த இருக்கையே பலரால் தாங்க முடியாத மீறலாக இருந்திருக்கும் என்பதை உணர்வது கடினமல்ல.

மறுநாள், செப்டம்பர் 11 இரவு, பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொலை செய்யப்பட்டார்.

அதன்பின் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி எரிந்தது. செப்டம்பர் 14ஆம் நாள் கீழத்தூவலில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மறவர் ஐவர் கொல்லப்பட்டனர். பழிவாங்கலும் தீவைப்பும் பரவின. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. எரிந்த வீடுகளில் மிகப் பெரும்பாலானவை தலித்துகளின் குடிசைகள். செப்டம்பர் 28ஆம் நாள் தேவர் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். பின்னர் கொலை வழக்கிலும் அவர் குற்றம் சாட்டப்பட்டார்; 1959 ஜனவரியில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1962இல் அவர் அருப்புக்கோட்டையிலிருந்து மீண்டும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1963 அக்டோபர் 30ஆம் நாள் காலமானார்.

இமானுவேல் எந்தச் சட்டமன்றத்திலும் அமர்ந்ததில்லை. அவர் திரட்டிய ஆதரவால் பயன்பெற்ற கட்சி மேலும் பத்து ஆண்டுகள் மாநிலத்தை ஆண்டது. கொலைக்குப் பின் அரசு கடுமையாக நடந்துகொண்டது என்பது உண்மை. கொலைக்கு முன், ஜூலை முதல் செப்டம்பர் வரை, தன் வேட்பாளருக்காக நின்ற சேரிகளைக் காக்க அது போதிய அளவு செயல்படவில்லை என்பதும் உண்மை. ஆதரவு பெறும்போது கட்சியாக இருந்தது, பாதுகாப்புத் தர வேண்டிய வேளையில் சட்டம் ஒழுங்கைப் பார்க்கும் பொதுவான அரசாக மாறிக்கொண்டது. இரு சாதிகளுக்கு இடையிலான கலவரம் என்ற பெயர் ஒட்டப்பட்டதும், தேர்தல் உரிமையைப் பயன்படுத்தியதற்கான தண்டனை என்ற அடிப்படைக் காரணம் கோப்புகளில் மறைந்தது.

நினைவின் அரசியல்

மறைந்த வீரர்களை நினைவுகூர்வது கூட இம்மாவட்டத்தில் ஒரு தேர்தலைப் போலவே நடந்திருக்கிறது. 1997இல், வீரபாண்டிய கட்டபொம்மனின் படையில் தளபதியாக இருந்து உயிர்நீத்த தேவேந்திரர் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குச் சூட்டப்பட்டது. அவர் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தனர். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்கள் மோதல்களால் நிலைகுலைந்தன. முடிவில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டப்பட்டிருந்த தலைவர்கள் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கியது. ஒரு தலித் படைத்தளபதியின் பெயரை ஏற்பதைவிட, எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் இழப்பது எளிதாக இருந்தது.

இமானுவேலுக்கு அரசின் ஏற்பு மெல்லவே வந்தது. 2010 அக்டோபர் 9ஆம் நாள் இந்திய அஞ்சல்துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அதற்கு அடுத்த ஆண்டே, 2011 செப்டம்பர் 11ஆம் நாள், அவருக்கு அஞ்சலி செலுத்தப் பரமக்குடியில் கூடியவர்கள்மீது காவல்துறை சுட்டது, தலித்துகள் உயிரிழந்தனர். 2023இல் அவருக்கு மணிமண்டபம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அஞ்சல்தலைக்கும் மணிமண்டபத்துக்கும் இடையே ஒரு துப்பாக்கிச் சூடு இருப்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆதரவுக்குப் பின் என்ன?

இன்று இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி தனித் தொகுதியில் அடங்கியுள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியும் தனித் தொகுதியே. அதற்கு முந்தைய காலத்தில் இராஜபாளையம் தனித் தொகுதியாக இருந்தது. ஆகவே இவ்வட்டாரத்தில் எல்லாக் கட்சிகளும் தலித் வேட்பாளர்களை நிறுத்துகின்றன. எல்லாக் கட்சிகளுக்கும் தலித் ஆதரவாளர்கள் தேவைப்படுகின்றனர். படையிலிருந்து திரும்பிய தலித்துகளும் சிற்றூர்கள்தோறும் இருக்கிறார்கள். ஆனால் 1996 முதல் 2006 வரை, தனித் தொகுதியாக்கப்பட்ட ஒரே காரணத்தால் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், இதே விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் முறையான தேர்தல் நடத்த முடியாமல் போனது. அதே காலத்தில், 1997 ஜூன் 30ஆம் நாள், மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டனர். நாடாளுமன்றத்துக்குத் தலித்தை அனுப்புவதில் வராத சினம், ஊராட்சி அலுவலக நாற்காலியில் தலித் அமரும்போது வந்தது. அமைதிக் கூட்டத்தில் இமானுவேல் அமர்ந்த நாற்காலியைச் சுற்றி எழுந்ததும் இதே சினம்தான்.

1957இல் இல்லாத ஒரு கருவி இன்று நம்மிடம் உள்ளது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவரப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தலித்தை வாக்களிக்க விடாமல் தடுப்பதையும் வேட்புமனுத் தாக்கல் செய்யவோ முன்மொழியவோ விடாமல் மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. வாக்குப்பதிவுக்குப் பிறகு, ஒரு வேட்பாளருக்கு வாக்களித்ததற்காகவோ வாக்களிக்காததற்காகவோ தலித்தைத் தாக்குவதும், சமூகப் புறக்கணிப்புக்கோ பொருளாதாரப் புறக்கணிப்புக்கோ உள்ளாக்குவதும் அச்சட்டப்படி குற்றம். முதுகுளத்தூர்ச் சேரிகள் இடைத்தேர்தலுக்குப் பின் எதிர்கொண்ட நிலைமையையே அந்தப் பிரிவு விவரிக்கிறது என்று சொல்லலாம். அச்சட்டம் வருவதற்கு அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

சட்டம் இருந்தாலும் அதைப் பதிவு செய்ய வைப்பவர் வேண்டும். ஆகவே ஆதரவு கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும், ஒவ்வொரு வேட்பாளரிடமும் தலித் வாக்காளர்களும் முன்னாள் படைவீரர்களும் வைக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எங்கள் ஆதரவு உங்களுக்கு வாக்குப்பதிவு நாள் வரை தேவை. உங்கள் ஆதரவு எங்களுக்கு மறுநாள் காலை முதல் தேவை. முடிவு வெளியான பிறகு ஒரு தெரு தாக்கப்பட்டால், கூலி மறுக்கப்பட்டால், கடையில் பொருள் மறுக்கப்பட்டால், வென்றவரும் தோற்றவரும் காவல் நிலையத்துக்கு எங்களுடன் வருவார்களா? மணிமண்டபத்தில் மாலை வைப்பதற்கு முன் இதற்கு விடை சொல்லட்டும்.

இமானுவேல் சேகரன் படையில் கற்றதை ஊருக்குக் கொண்டுவந்தார். சட்டை அணிந்து, செருப்பு அணிந்து, நாற்காலியில் அமர்ந்து, தம் மக்களுக்கு எந்த வேட்பாளர் நல்லவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு குடிமகன் செய்யக்கூடிய மிகச் சாதாரணமான செயல்கள் இவை. அவற்றைச் செய்யும் எவருக்கும் எந்த ஊரிலும் இனித் துணிவு தேவைப்படாத நிலை வரும்போதுதான் 1957ஆம் ஆண்டின் தேர்தல் முடிவுக்கு வரும்.